கல்லூரிப் பட்டியலும் நாம் செய்த பிழையும்



மே மாதம் பிறந்துவிட்டால் நமது மத்ரஸாவுக்கு இரண்டு வகையினர் புதிதாக வருவார்கள். கோடை விடுமுறையில் ஓதக் கற்றுக்கொள்ள அனுப்பப்படும் சிறு பிள்ளைகள் ஒரு வகை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மஃரிப் தொழுகை முடிந்ததும் வாசலில் தயங்கி நிற்கும் தந்தையர் மற்றொரு வகை. "ஹஜ்ரத், பிள்ளை நல்ல மார்க் எடுத்திருக்கு. எந்தக் காலேஜ்ல சேர்க்கலாம்?" என்பதே அவர்களுடைய கேள்வியாக இருக்கும்.

மயிலாப்பூரின் ஒரு சந்தில் குர்ஆனும் ஃபிக்ஹும் கற்பிக்கிற நமக்குப் பொறியியல் படிப்பைப் பற்றி என்ன தெரியும்? ஆயினும் கேட்கிறார்கள். அவர்களுள் பலரது வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். கேட்டறிய அண்ணனோ அக்காவோ இல்லை. பள்ளி ஆசிரியரைப் பார்க்கக் கூச்சம். எனவே, பிள்ளைக்கு அலிஃப், பா சொல்லிக் கொடுத்தவரிடமே வருகிறார்கள். இந்த நம்பிக்கையை நாம் ஒருமுறை பாழாக்கியிருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு 2018-ஆம் ஆண்டில் இணையவழிக்கு மாறியது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் ஒன்று அது. நம்மிடம் ஆறு ஆண்டுகள் ஓதிய மாணவர் ஒருவர், கட்-ஆஃப் 188. இராயப்பேட்டையில் சிறிய தையற்கடை வைத்திருந்த தந்தை, விருப்பப் பட்டியல் நிரப்ப நம்மை உடன் அமரச் சொன்னார். அமர்ந்தோம். அந்தப் பிள்ளை நான்கு வரிகள் நிரப்பினார். கிண்டியில் இரண்டு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இரண்டு, நான்கும் கணினியும் மின்னணுவியலும். "இன்னும் சிலவற்றைச் சேர்க்கட்டுமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். "எதற்கு? நல்ல இடமாக மட்டும் போடு. மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்றோம். இதைச் சொன்னபோது நமக்குள் ஒருவிதப் பெருமிதம்கூட இருந்தது.

ஒதுக்கீடு வெளியான நாளில் அவருக்கு எந்த இடமும் இல்லை. அடுத்த சுற்றைப் பற்றி விசாரிக்கக்கூட நமக்குத் தோன்றவில்லை. மகனின் ஓராண்டு வீணாகிவிடுமோ என்ற பதற்றத்தில் அந்தத் தந்தை இரண்டே நாளில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் பணம் கட்டினார். மனைவியின் வளையல்கள் போயின. ஒரு உறவினரிடம் கைமாற்றாக வாங்கிய தொகை நான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பத்தின் மீது கிடந்தது. வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள் என்று வெள்ளிக்கிழமைதோறும் பேசுகிற நாமே, நம் அறியாமையால் ஒரு குடும்பத்தை அந்த வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினோம். அவர் ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. அதுவே நமக்குப் பெருஞ்சுமையாக இருந்தது.

ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியைச் சிறு பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறோம். அன்று நாம் கயிற்றையே தொடவில்லை.

அதன் பின்னர்தான் கலந்தாய்வு எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து படித்தோம். ஜமாஅத்தில் உள்ள பொறியாளர்களிடம் கேட்டோம். கற்றவற்றுள் முதலாவது இது: கணினி, தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொள்கிறது. உங்கள் பிள்ளையின் முறை வரும்போது அவருடைய பட்டியலை முதல் வரியிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டே வருகிறது. எந்த வரியில் பொதுப் பிரிவிலோ அவருக்குரிய வகுப்புப் பிரிவிலோ இடம் எஞ்சியிருக்கிறதோ, அங்கே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள வரிகளைப் பார்ப்பதேயில்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. மேலே எட்டாக்கனியை எழுதுவதால் ஒரு நட்டமும் இல்லை. கிடைக்காவிட்டால் கணினி அடுத்த வரிக்கு இறங்கிவிடும். "முதல் வரியைப் பெரிய கல்லூரிக்கு வீணாக்காதீர்கள், எங்கள் கல்லூரியை முதலில் போடுங்கள், இடம் உறுதி" என்று தொலைபேசியில் பேசுவோர் உண்டு. நம்ப வேண்டாம். எளிதில் கிடைக்கக்கூடிய ஒன்றை மூன்றாம் வரியில் எழுதினால் கணினி அங்கேயே நின்றுவிடும். நான்காம் வரியில் பிள்ளை உள்ளூர ஆசைப்பட்ட இடம் காலியாக இருந்தாலும் கைக்கு வராது. ஆக, வரிசை என்பது வாய்ப்பின் வரிசை அன்று, ஆசையின் வரிசை. வாய்ப்பைக் கணக்கிட வேண்டியது பட்டியலின் அடிப்பகுதிக்காக. அங்கே, நிச்சயம் கிடைக்கும், கிடைத்தால் மனமொப்பிச் சேர்வோம் என்ற வகையில் பல வரிகள் இருந்தாக வேண்டும். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள கலந்தாய்வில் நான்கு வரியோடு எழுந்த நம் துணிச்சலை என்னவென்பது!

சென்ற 2024-ஆம் ஆண்டின் மே மாதத்தில், தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கும் சகோதரர் ஒருவர் தம் மனைவி, மகளுடன் வந்தார். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து இருபது ஆண்டுகளாக மயிலாப்பூரில் வாடகை வீட்டில் இருப்பவர். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர். கணிதத்தில் 97, இயற்பியலில் 95, வேதியியலில் 94. கணித மதிப்பெண்ணை முழுமையாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்துக் கூட்டினால் 200-க்கு 191.5. நமது மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளில் இதுவரை யாரும் தொடாத எண்.

தந்தையின் கையில் ஒரு காகிதம் இருந்தது. ஆறு வரிகள், ஆறும் கம்ப்யூட்டர். கடையில் உடன் வேலை செய்பவர் எழுதிக் கொடுத்தாராம். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் நமக்குத் தையற்கடைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது.

"பாய், இதை அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால், இதற்குக் கீழே எழுத வேண்டியது நிறைய இருக்கிறது" என்றோம். பிறகு மகளைப் பார்த்து, "உனக்கு என்னம்மா படிக்க ஆசை?" என்று கேட்டோம். அவர் தாயைப் பார்த்தார். தாய் தரையைப் பார்த்தார். "சிவில், ஹஜ்ரத்" என்று மெல்லிய குரலில் பதில் வந்தது.

தந்தைக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "இவ்வளவு மார்க் எடுத்துட்டுக் கொத்தனார் வேலையா? வெயில்ல, ஆம்பளைங்க நடுவுல, பொம்பளைப் பிள்ளை எப்படி நிக்கும்?" என்றார். அவர் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. நமக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன காரணத்தைக் கேட்டபோது நாமே வியந்தோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகி ஊருக்குள் வந்தபோது அவருக்கு எட்டு வயது. கோட்டூர்புரத்தில் இருந்த உறவினர் குடும்பம் உடுத்திய துணியோடு இவர்கள் வீட்டில் வந்து தங்கியதாம். தண்ணீர் ஏன் அந்த வழியாக வந்தது, வராமல் இருக்க என்ன கட்டியிருக்க வேண்டும் என்ற கேள்வி அவரைவிட்டுப் போகவேயில்லை.

பொதுப்பணித் துறையில் பணியாற்றும் ஜமாஅத் சகோதரர் ஒருவரிடம் அடுத்த வாரமே தந்தையையும் மகளையும் அனுப்பினோம். சிவில் பொறியியலில் நீரியல், வடிவமைப்பு, நில அளவை என்று அலுவலகத்தில் அமர்ந்து செய்யும் பணிகள் எத்தனை, களத்தில் நின்று செய்வன எத்தனை, அத்துறையில் பெண் பொறியாளர்கள் எவ்வாறு பணிபுரிகிறார்கள் என்பதையெல்லாம் அவர் பொறுமையாக விளக்கினார். கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான் என்ற செய்தியையும் அவர்தான் சொன்னார். இந்த ஒரு செய்தி தந்தையை மற்ற எல்லாவற்றையும்விட அசைத்தது. அந்தக் கல்லூரி பிறந்ததே இந்தப் படிப்புக்காகத்தான் என்று அவர் கடையில்கூடச் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு அறிந்தோம்.

அடுத்து, நமது இடஒதுக்கீட்டைப் பற்றி. தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டு முதல், பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. பெரிய அருட்கொடை அது. ஆனால் அதைக் கையில் வைத்துக் கணக்கிடத் தெரிய வேண்டும். அறுபது இடங்கள் உள்ள ஒரு வகுப்பில் 3.5 விழுக்காடு என்பது இரண்டே இடங்கள். இரண்டே இடங்கள் என்பதால், ஓராண்டில் நல்ல மதிப்பெண் பெற்ற இரு பிள்ளைகள் அதே படிப்பை விரும்பினால் முடிந்தது. மறு ஆண்டு யாரும் விரும்பாவிட்டால் மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கும் கிடைத்துவிடும். ஆகவே, சென்ற ஆண்டில் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணோடு முடிந்தது என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. குறைந்தது மூன்று ஆண்டுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணை ஒப்பிடுவது இன்னும் நல்லது. ஏனெனில் மதிப்பெண்ணின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2023-ஆம் ஆண்டில் 200-க்கு 200 பெற்றவர்கள் 102 பேர், 2024-இல் 65 பேர்.

இந்த ஒதுக்கீட்டை நம்பி வந்து, சான்றிதழ் இல்லாமல் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறோம். முஸ்லிம் என்றாலே தானாகக் கிடைத்துவிடுவதன்று இது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், சையத், மாப்பிள்ளை, அன்சர், தூதேகுலா என்று அரசுப் பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் சாதிச் சான்றிதழில் இருந்தாக வேண்டும். தந்தையின் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பிள்ளையின் சான்றிதழில் மற்றொரு விதமாகவும் இருந்தால் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடையாய் நடக்க நேரும். இதைத் தேர்வு முடிவு வந்த பிறகு தொடங்குவது காலம் கடந்த செயல். குடும்பத்தில் முதல் பட்டதாரி எனில் அதற்குரிய சான்றிதழையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஒற்றைச் சாளர முறையில் சேர்வோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை அதைக் கொண்டுதான் கிடைக்கிறது. இந்தப் பிள்ளைக்கும் கிடைத்தது.

பட்டியல் எழுதும் வேலை ஜூலை மாதத்தில் பல மாலைகளில், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நடந்தது. பெற்றோர் இருவரும் உடனிருந்தார்கள். எந்த ஊர்வரை அனுப்புவீர்கள் என்று முதல் நாளே கேட்டோம். "சென்னைக்குள்ளதான்" என்றார் தந்தை. சென்னைக்குள் மட்டும் என்றால் பட்டியலின் நடுப்பகுதி பள்ளமாகிவிடும். மேலே கிண்டி வளாகம். அதற்குப் பின் கட்டணம் கட்ட முடியாத கல்லூரிகள் சில. அதற்கும் பின்னர் இப்பிள்ளையின் மதிப்பெண்ணுக்குத் தேவையே இல்லாத கல்லூரிகள். அரசுக் கட்டணத்தில் தரமான இடங்கள் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் இருக்கின்றன. இரண்டு நாள் அதில் பேச்சு ஓடியது. இறுதியில், அதுவரை வாய் திறக்காத தாய், "மதுரைன்னா எங்க அக்கா வீடு இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் பட்டியலில் பல வரிகள் கூடின. வீட்டின் எல்லை எது என்பதைப் பெற்றோர் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுவது நலம். இடம் கிடைத்த பிறகு "அங்கெல்லாம் அனுப்ப மாட்டோம்" என்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

கலந்தாய்வை மட்டும் நம்பி இருக்கவும் இல்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் ஐம்பது ரூபாய். அதில் இராணி மேரி கல்லூரியையும் மாநிலக் கல்லூரியையும் கணிதத்துக்காகக் குறித்தோம். தேனாம்பேட்டையில் 1955-இல் நீதிபதி பஷீர் அஹமது சயீத் அவர்கள் முஸ்லிம் பெண்பிள்ளைகளை மனத்தில் வைத்து நிறுவிய மகளிர் கல்லூரியிலும் தனியே விண்ணப்பித்தார்கள். நம் சமுதாயத்தவர் 1951-இல் இராயப்பேட்டையில் தொடங்கிய நியூ காலேஜில் இவருடைய தம்பி சேர வேண்டும் என்பது தந்தையின் நெடுநாள் விருப்பம். அது வேறு கதை. வண்டலூரில் உள்ள கிரசென்ட் நிறுவனத்தின் சேர்க்கை தனி வழி, கட்டணமும் வேறு; விசாரித்துவிட்டு விட்டுவிட்டோம். ஐ.ஐ.டி.யின் மதிலை அடையாறு போகும்போதெல்லாம் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். அதன் பொறியியல் படிப்புகளுக்கான வாசல் ஜே.இ.இ. தேர்வு, இப்பிள்ளை அதை எழுதவில்லை. பதினோராம் வகுப்பிலேயே யாரேனும் சொல்லியிருந்தால் எழுதியிருப்பார். அந்த யாரேனும் நாமாகவும் இருந்திருக்கலாம்.

பட்டியல் முப்பத்தாறு வரிகளில் முடிந்தது. முதல் நான்கு வரிகள் கிண்டியிலும் எம்.ஐ.டி.யிலும் கணினி, தகவல் தொழில்நுட்பம். தந்தையின் விருப்பத்துக்காக மகள் ஒப்புக்கொண்டவை. ஐந்தாவது கிண்டியில் சிவில். அதன் பிறகு கிண்டியின் வேறு படிப்புகள், மதுரையிலும் கோவையிலும் சிவில், பின்னர் சென்னையின் புறநகர்க் கல்லூரிகள். இந்த வரிசையில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. ஆசையின் வரிசையில்தான் எழுத வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, இங்கே தந்தையின் ஆசை மகளின் ஆசைக்கு மேலே அமர்ந்திருந்தது. அதைச் சொல்லவும் செய்தோம். "அந்த நாலும் கிடைக்காது ஹஜ்ரத், இருக்கட்டும்" என்று அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார். இஸ்திகாரா தொழுகையை வீட்டில் மூவரும் தொழுதார்கள். விருப்பங்களைப் பதிவிடத் தந்த மூன்று நாட்களில் இரண்டாம் நாளே முடித்துவிட்டோம். கடைசி மணிநேரத்தில் இணையம் மூச்சு வாங்கும் என்பதை முன்பே பட்டறிந்திருந்தோம்.

தட்டச்சு செய்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும். தையற்கடைக்காரரின் மகன்தான். இப்போது பெருங்குடியில் வேலை பார்க்கிறார்; வேலை முடிந்து பறக்கும் ரயிலில் வந்து, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தார். முப்பதாவது வரியைத் தாண்டியபோது நம்மைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் சிலவற்றைச் சேர்க்கட்டுமா, ஹஜ்ரத்?" என்றார். அதே சொற்கள். அவர் நினைவோடு கேட்டாரா, இயல்பாகக் கேட்டாரா என்று நமக்குத் தெரியாது. "சேர்த்துக்கொள்" என்றோம்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் தற்காலிக ஒதுக்கீடு வந்தது. ஐந்தாம் வரி. கிண்டிப் பொறியியல் கல்லூரி, சிவில்.

மகிழ்ச்சி ஒரு மணிநேரம்தான் நீடித்தது. ஒதுக்கப்பட்டவர் முடிவைத் தெரிவிக்க இரண்டு நாள் தருகிறார்கள். ஏற்றுச் சேர்ந்துவிடலாம். அல்லது, இதை ஏற்றுக்கொண்டே, மேலே உள்ள வரிகளில் யாரேனும் விட்டுச் சென்ற இடம் வந்தால் அதற்கு மாறக் காத்திருக்கலாம். இழப்பு ஏதும் இல்லாததுபோல் தோன்றும் வழி அது. தந்தை உடனே, "மேல போடுவோம். எம்.ஐ.டி.ல கம்ப்யூட்டர் வந்தாலும் வருமே" என்றார். அப்படி மேலே இடம் வந்துவிட்டால் கையில் இருக்கும் சிவில் போய்விடும்; திரும்பக் கேட்க முடியாது. நான்கு வரிகளைத் தந்தைக்காக மேலே விட்டுக்கொடுத்த பிள்ளைக்கு, அந்த விட்டுக்கொடுத்தலின் விலை அன்றுதான் புரிந்தது.

அவர் அழவில்லை. "அத்தா, நான் சேர்ந்துடறேன். மேல வேணாம்" என்றார். தந்தை நம்மைப் பார்த்தார். நாம் சொல்வதை அவர் கேட்டிருப்பார். அது நமக்குத் தெரியும். அதனாலேயே அச்சமாக இருந்தது. ஒருமுறை ஒரு பிள்ளையின் வாழ்வில் சொல்லக் கூடாததைச் சொன்ன வாய் இது. "பாய், இது மகளிடம் கேட்க வேண்டியது. கேட்டுவிட்டீர்கள், அவரும் சொல்லிவிட்டார்" என்று மட்டும் சொன்னோம். இஷாவுக்கு பாங்கு ஒலித்தது. தொழுதுவிட்டு வந்து, செல்பேசியை மகளிடம் கொடுத்து, "நீயே அமுத்து" என்றார்.

முதலாம் ஆண்டு முடிந்துவிட்டது. காலையில் கோட்டூர்புரம்வரை ரயிலில் சென்று அங்கிருந்து தோழியரோடு நடந்து செல்கிறார். கணிதம் கடினமாக இருக்கிறது என்கிறார். ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்து, இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று தாய் வந்து சொன்னார். தந்தைக்கு இன்னும் உள்ளூர ஒரு குறை உண்டு. கடையில் யாருடைய பிள்ளையாவது கம்ப்யூட்டரில் சேர்ந்தால் அன்று மாலை நம்மிடம் வந்து அதைக் குறிப்பிடாமல் போவதில்லை.

இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நமது மத்ரஸாப் பிள்ளைகள் ஐவர் இருக்கிறார்கள். ஐந்து வீட்டாரையும் வரும் ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பின் வரச் சொல்லியிருக்கிறோம். சாதிச் சான்றிதழின் நகலைக் கொண்டுவர வேண்டும். அவசியம் தாய்மாரும் வர வேண்டும்.